கப்பலில் முந்தி வந்த லேத்

மெல்பேண் பட்டறை ஒன்றில் தேநீர் இடைவேளை. இங்கே வேலை செய்யும் என் மனைவியின் தம்பி சிவநேசன் என்னை இரும்பு கடையும் ஒரு பழைய லேத் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறான். ஐம்பது தாண்டிய ஒருவர் அதைத் துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

“அத்தான், இவர் ஹெங்க், ஒல்லாந்துக்காரர். இந்த லேத்தும் ஒல்லாந்துதான். ஆனா ரெண்டு பேரும் வேற வேற கப்பல்ல வந்தவை.”

ஹெங்க் குனிந்து லேத்தின் காலைக் காட்டுகிறார். தன் பெயரின் முதல் எழுத்தைப் பதினேழு வயதில் அவரே அங்கே கீறியிருக்கிறார். முப்பது வருடங்களுக்கு முன் முடிந்த உலகப் போரில், அவருடைய ஊரைப் பிடித்திருந்த ஜேர்மன்காரர் அவர் வேலை பழகிய பட்டறையின் இயந்திரங்களைக் கழற்றித் தங்கள் நாட்டுக்கு ரயிலேற்றிவிட்டார்கள். அந்தப் பட்டறை பிறகு திறக்கவேயில்லை. ஜேர்மனி தோற்றதும் இந்த லேத் போர் நட்டஈடாக அவுஸ்திரேலியாவுக்கு வந்தது. வேலை தேடி அவரும் பின்னால் வந்தார்.

“எனக்கு நேர்முகம், மருத்துவச் சோதனை எல்லாம் வைத்தார்கள். இதை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. முதல் நாள் ஃபோர்மன் என்னிடம் கேட்டான், இதை ஓட்டத் தெரியுமா என்று!”

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “உங்கள் ஆட்களும் எங்கள் யாழ்ப்பாணத்தைப் பிடித்து ஆண்டவர்கள்தான். ஆனால் கட்டிய கோட்டையை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள்.”

ஹெங்க் துணியை உதறுகிறார்.

“கோட்டைக்கு நட்டும் போல்ட்டும் இல்லையே. இருந்திருந்தால் அதையும் கழற்றியிருப்போம்.”