ரோமருக்கு எத்தனை முழ நாக்கு?

மொன்றியலில் ஓர் அருங்காட்சியகம். ரோமர் காலத்துப் பாவனைப் பொருட்களுக்கு நடுவே வளைந்த வெண்கலத் தகடு ஒன்று இருந்தது.

"உது நாக்கு வழிக்கிறது," என்று மனைவியிடம் அடித்துச் சொன்னேன்.

"உந்த நீளத்துக்கு ஆருக்கப்பா நாக்கு இருக்கு?"

எனக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. தகடு முழங்கை நீளம். பிரெஞ்சில் எழுதியிருந்ததை மகள் வாசித்தாள். "குளிக்கேக்க உடம்பில எண்ணெய் பூசிப்போட்டு, பேந்து இதால வழிக்கிறவையாம், அப்பா."

வழிப்பதற்கு எதற்குப் பூசினார்கள்? முதுகை யார் வழித்தது? சீயக்காய் தேய்க்காமல் எண்ணெய் எப்படிப் போகும்? கேட்கக் கேட்க மகளுக்கு எரிச்சல் வந்ததே தவிர, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மனைவி இன்னொருதரம் எட்டிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினாள்.

"அப்ப உது நாக்கு வழிக்கவும் உதவாது."