அலுமினியத்துக்காக நான் ஆற்றிய உரை

கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். என் வகுப்பில் தூங்காமல் உட்கார்ந்திருந்த மாணவர்கள் உண்டு, ஆனால் அவர்கள் போன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். அதனால் மரக்காணத்தில் எங்கள் தெரு மகளிர் குழுவில் வந்து பேசும்படி என் மனைவி கேட்டபோது, அவள் சொல்லி முடிக்கும் முன்பே தலையாட்டிவிட்டேன்.

அலுமினியப் பாத்திரத்தில் சமைத்தால் ஞாபகமறதி வரும் என்று ஒரு வாட்ஸ்அப் வீடியோ அப்போது தெருவைச் சுற்றிக்கொண்டிருந்தது. குழுவில் பாதிப் பேர் உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள். அவர்கள் சோறு கொண்டுபோவதே அலுமினியத் தூக்கில்தான்.

"எல்லாரும் பயந்து கெடக்குறாங்க. பயப்படாதீங்க, புளிக்கொழம்பு மட்டும் அதுல வெக்காதீங்கன்னு சொல்லிட்டு வந்துடுங்க. போதும்" என்றாள் மனைவி.

அது எனக்குப் போதவில்லை. கலர் பேனா வாங்கி சார்ட் வரைந்தேன். சட்டையை இஸ்திரி போடக் கொடுத்தேன்.

சமுதாயக் கூடம் நிறைந்திருந்தது. நான் அணுவிலிருந்து ஆரம்பித்தேன்.

"அலுமினியத்துல அண்ணன் தம்பி மாதிரி ரெண்டு ஐசோடோப்பு முக்கியம். நம்ம பாத்திரத்துல இருக்குறது அண்ணன், பேரு இருபத்தேழு. தம்பி இருபத்தாறு. குணமெல்லாம் ஒண்ணுதான், எடை மட்டும் கொஞ்சம் கம்மி. ஆனா தம்பி சும்மா இருக்க மாட்டான், கதிர்வீச்சு விட்டுக்கிட்டே இருப்பான்."

கதிர்வீச்சு என்றதும் கூடம் நிமிர்ந்தது. வடக்கே கொஞ்ச தூரத்தில் அணுமின் நிலையம் இருக்கும் கரை இது. இங்கே அந்த வார்த்தைக்கு விளக்கம் தேவையில்லை. நானோ என் பேச்சுத்தான் அவர்களை நிமிர்த்தியது என்று நினைத்துக்கொண்டேன். குரலை உயர்த்தினேன். அந்த இருபத்தாறு பாதியாகக் குறையவே ஏழு லட்சம் வருஷம் ஆகும் என்றேன். விண்கல் பூமியில் விழுந்து எத்தனை காலமாயிற்று, மண்ணுக்குள் கிடக்கும் கூழாங்கல் எப்போது புதைந்தது என்றெல்லாம் அதை அளந்து சொல்லிவிடலாம் என்றேன். இனிமேல்தான் முக்கியமான இடம் என்று தண்ணீர் குடிக்க நிறுத்தினேன்.

அந்த நேரம் பார்த்துத் தெருக்குழாயில் தண்ணீர் விட்டார்கள். கூடம் காலியாயிற்று.

மிச்சத்தை என் மனைவியும், கால் வலியால் எழுந்திருக்க முடியாத ஓர் அம்மாவும் கேட்டார்கள். பாத்திரத்தில் கதிர்வீச்சுத் தம்பி இல்லை. ஆராய்ச்சியாளர்கள் அவனைத் துளியூண்டு எடுத்துத் தண்ணீரில் கலந்து சிலருக்குக் குடிக்கக் கொடுத்து, உடம்புக்குள் அலுமினியம் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தார்கள். குடித்ததில் நூறில் ஒரு பங்குகூட ரத்தத்தில் சேரவில்லை. சொல்ல வந்ததே இதுதான். அந்த அம்மாவுக்குக் காது கேட்காது என்று மனைவி பிறகு சொன்னாள்.

ஓரிரு நாளில் தெருவில் செய்தி உறுதியாகிவிட்டது: அலுமினியத்தில் கதிர் இருக்கிறது, ஏழு லட்சம் வருஷத்துக்குப் போகாது, காலேஜ் சாரே சொல்லிட்டாரு. வீடியோவால் முடியாததை நான் முடித்திருந்தேன். வாசலுக்கு வாசல் தூக்கும் குண்டானும் வெளியே வந்தன. கூனிமேட்டிலிருந்து மினி லாரியில் வரும் பழைய சாமான்கார பாய் இரண்டு நடை அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் அந்தப் பாத்திரச் சுமையோடு என் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தி இறங்கி வந்தார். கும்பிட்டார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று கூச்சத்தோடு சிரித்தேன்.

"சார், எங்க வீட்டுல இந்த வண்டிய வாசல்ல நிறுத்தவே வுட மாட்டேன்றாங்க. கொழந்தைங்க இருக்குற வீடு, கதிர் ஆவாதுன்றாங்க. நெசமாவே இதுல ஏதாச்சும் இருக்குதா சார்?"

"ஒண்ணும் இல்ல பாய். அந்த இருபத்தாறு..."

"நம்பர்லாம் வேணாம் சார். இருக்குதா, இல்லியா?"

"இல்ல."

"அப்ப ஏறுங்க. மைக்குல நீங்களே சொல்லுங்க."

ஏறினேன். தெருத் தெருவாக ஊர்ந்தோம். மைக் கைக்கு வந்ததும் எனக்குப் பழைய வியாதி திரும்பிவிட்டது. "இயற்கையில் கிடைக்கும் அலுமினியம் பெரும்பாலும்" என்று தொடங்கினேன். பாய் மைக்கைப் பிடுங்கினார். "தாய்மார்களே, பாத்திரத்துல கதிர் இல்லியாம். சார் தப்பா சொல்லிட்டாராம். வேணும்றவங்க வந்து எடுத்துக்குங்க."

நான் தப்பாகச் சொல்லவில்லை, நீங்கள்தான் முழுதாகக் கேட்கவில்லை என்று திருத்தக் கை நீட்டினேன். மைக் கிடைக்கவில்லை.

பெண்கள் சிரித்துக்கொண்டே வந்து தங்கள் தூக்குகளைத் தேடி எடுத்தார்கள். சிலர் எவர்சில்வர் வாங்கியாயிற்று என்று திரும்பிப் போனார்கள். அவர்களில் ஒருத்தர், உப்பளத்தில் வேலை செய்கிறவர், வண்டியருகே நின்றார்.

"அந்தத் தண்ணியக் குடிச்சாங்கன்னு உங்க வீட்டுக்காரம்மா சொன்னாங்களே சார். அவங்கல்லாம் நல்லா இருக்காங்களா?"

இத்தனை படித்த எனக்கு அது ஒருநாளும் கேட்கத் தோன்றியதில்லை. தெரியவில்லை என்றேன். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். குடித்தவர்கள் தாமாக முன்வந்தவர்கள், அவர்களில் ஆராய்ச்சியாளரும் உண்டு. கலந்த அளவு மிகமிகச் சொற்பம். கெடுதல் ஏதும் நேர்ந்ததாக எங்கும் காணவில்லை.

மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில் உப்பளத்துக்குக் கிளம்பி நின்ற அந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன், நம்பர் எதுவும் இல்லாமல்.

"பாவம், நல்லா இருக்கட்டும்" என்றார். பிறகு, "இதை மொதல்ல சொல்லியிருந்தீங்கன்னா நான் தண்ணிக்கு என் மருமகள அனுப்பிட்டு உக்காந்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறினார்.