ஏரியைச் சுத்தம் செய்த ஞாயிறு

எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அதனால் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். கடலூரில், திருப்பாதிரிப்புலியூர் பக்கம் ஒரு பாத்திரக்கடையின் குடோனில் வேலை பார்க்கிறேன். வாடிக்கையாளரிடம் நின்று பேச எனக்கு வராது என்பதால்தான் முதலாளி என்னைக் குடோனுக்கு அனுப்பினார். எனக்கும் அது வசதியாகப் போயிற்று. அப்படிப்பட்டவன் படித்தவர்களைக் குறை சொல்லி எழுத உட்கார்ந்திருப்பது எனக்கே ஒரு மாதிரியாக இருக்கிறது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையின் நாற்றம் மூக்கை விட்டுப் போகவில்லை.

சர்க்கரை ஏறியிருக்கிறது, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். ஊருக்கு வெளியே, பறவைகள் காப்பகம் என்று போர்டு வைத்த ஏரி ஒன்று இருக்கிறது. அதன் கரையில் நடப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஒரு கூட்டம் பறவை பார்க்க வரும். வங்கியில் வேலை செய்பவர்கள், டீச்சர்கள், ஒரு பல் டாக்டர். அந்தக் குழுவை நடத்துகிறவர் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர். கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறார். ஒருநாள் அவராகவே கூப்பிட்டுப் பைனாகுலரை என் கையில் கொடுத்தார். அவர் என்னை அண்ணே என்பார். நான் அவரை சார் என்பேன்.

பறவை பார்க்கும்போது யாரும் பேசக் கூடாது. அதுதான் அவர்கள் சட்டம். வாயைத் திறக்காமல் இருப்பதற்காக என்னைக் கேலி செய்யாத கூட்டம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். அதனாலேயே ஒட்டிக்கொண்டேன்.

ஆரம்பத்திலிருந்தே சில விஷயங்கள் குமட்டின. போனில் பதிந்து வைத்த குரலைப் போட்டுக் குருவியைக் கூப்பிடுவார்கள். வேறொரு ஆண் தன் இடத்துக்கு வந்துவிட்டது என்று நினைத்து அது பதறிக்கொண்டு வந்து தலைக்கு மேல் உட்காரும். கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பித் தேடும். இவர்கள் படம் எடுத்துவிட்டு, போனை அணைத்துவிட்டு, சுண்டல் தின்னப் போய்விடுவார்கள். அது அங்கேயே உட்கார்ந்து தேடிக்கொண்டிருக்கும். நான் எதுவும் சொன்னதில்லை. சுண்டல் மட்டும் வாங்கமாட்டேன்.

அவர்களிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. கூடு கண்டால் அது எங்கே என்று வெளியாள் யாரிடமும் சொல்லக் கூடாது. முன்பு ஒருமுறை கேமராக்காரர்கள் கேள்விப்பட்டு வந்து, வெளிச்சம் விழவில்லை என்று கூட்டைச் சுற்றியிருந்த கிளைகளை வெட்டி, குஞ்சுகளைக் காக்கைக்குக் காட்டிக்கொடுத்துவிட்டார்களாம். அதற்குப் பிறகு வந்த கட்டுப்பாடு. நல்ல கட்டுப்பாடு என்றுதான் நானும் நினைத்தேன்.

தை மாதம். ஏரி நிறையத் தண்ணீர். வடக்கு மூலையில் கோரைக்கு நடுவே அழுகிய பாசியும் தண்டுமாக ஒரு குவியல் மிதந்தது. பார்த்தால் குப்பைதான். நான் முகம் திருப்பப் போன நேரம், அதன் மேல் ஒரு முக்குளிப்பான் ஏறி உட்கார்ந்தது. இரண்டு கைக்குள் அடங்குகிற மாதிரி இருக்கும் அந்தப் பறவை. வாத்துக்குஞ்சு என்று நினைப்பவர்கள் உண்டு. சாரிடம் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு என் காதருகே வந்து, "அண்ணே, இது கூடு. முட்டை இருக்கு. நீங்க கண்டுபிடிச்சது, உங்க கூடு" என்றார்.

என்னுடையது என்று யாராவது எதையாவது சொல்லிக் கேட்டு நாளாகியிருந்தது. அதிலிருந்து கடைக்குப் போகுமுன் தினமும் ஏரிக்குப் போனேன். தாய் இறங்கும்போது அலகால் பாசியை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுத்தான் போகும். வீட்டைப் பூட்டிவிட்டுக் கடைக்குப் போகிறவள் மாதிரி. மூடிவிட்டால் அது கூடு என்று யாராலும் சொல்ல முடியாது. குஞ்சு பொரித்ததும் தாயின் முதுகில் ஏறிக்கொண்டு, இறகுக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு சவாரி போகும் என்று சார் சொல்லியிருந்தார். அதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. வேறு பெரிய ஆசை எதுவும் அந்த வருஷம் எனக்கு இல்லை.

என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவியின் தம்பி. சிதம்பரத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். எனக்கு நேர் எதிர். அவன் இருக்கும் இடத்தில் சத்தம் இருக்கும். நான் பறவை பார்க்கப் போகிறேன் என்று அக்கா சொல்லிக் கேள்விப்பட்டு, சிதம்பரத்தில் இருந்த இதே மாதிரி குழுவில் அவனும் சேர்ந்துவிட்டான். இரண்டு குழுவும் ஒருமுறை பிச்சாவரத்துக்குச் சேர்ந்து போனோம். படகில் எல்லோர் முன்னாலும் அவன் சொன்னான்: "மாமா குருவி பாக்குறாராம். பொண்ணு பாக்க வந்தப்ப எங்க அக்காவையே நிமிந்து பாக்காத ஆளு." படகு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் மனதில் கல்மிஷம் கிடையாது.

அந்தப் படகில்தான் முடிவானது, இரண்டு குழுவும் சேர்ந்து எங்கள் ஏரியைச் சுத்தம் செய்வது என்று. ஒரு நகைக்கடை செலவை ஏற்றுக்கொண்டது. பனியன், தொப்பி, பேனர் எல்லாம் வந்தன. ஏரியில் படர்ந்திருந்த ஆகாயத்தாமரையைச் சிதம்பரத்துக்காரர்கள் தெர்மகோல் தெப்பத்தில் போய்க் கொக்கி போட்டு இழுப்பது, எங்கள் ஆட்கள் கரையில் பிளாஸ்டிக் பொறுக்குவது என்று ஏற்பாடு.

சனிக்கிழமை சாயங்காலம் சாரிடம் போய், வடக்கு மூலைக்கு யாரும் போக வேண்டாம் என்று வருகிறவர்களிடம் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். அதைக் கேட்கவே எனக்கு இரண்டு தெரு சுற்ற வேண்டியிருந்தது. அவர் மறுத்துவிட்டார். போகாதே என்றால்தான் போவார்கள், சிதம்பரம் குழுவில் கேமராக்காரர்கள் ஜாஸ்தி, ஒருவனுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்றார். அதற்குப் பதிலாக ஒரு யோசனை சொன்னார். கோரைக்கு இந்தப் பக்கம் மூங்கில் கழி நட்டு அதில் சிவப்புத் துணி கட்டிவிடுவது. ஏன் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, சிவப்பைப் பார்த்தால் தாண்டமாட்டார்கள் என்றார். நானே முழங்கால் தண்ணீரில் இறங்கி நட்டேன். குடோனில் பாத்திரம் கட்டி வரும் துணி அது.

ஞாயிறு காலை சிதம்பரத்திலிருந்து வேன்கள் வந்தன. வந்ததும் நெல்லிக்குப்பம் ரோட்டில் வாங்கிய கரும்பைக் கடித்துக்கொண்டே கரை முழுக்கத் துப்பினார்கள். சுத்தம் செய்ய வந்தவர்கள் துப்பிய சக்கையை நாங்கள் பொறுக்கினோம். பேனரைக் கட்ட ஆலமரத்தில் ஆணி அடித்தார்கள். பால் வடிந்தது. அதன் மேல், பேனரில், நகைக்கடை முதலாளி கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னை டீ கொடுக்கும் இடத்தில் நிற்கவைத்துவிட்டார்கள். அங்கிருந்து வடக்கு மூலை தெரியாது.

பத்து மணிக்கு மேல் மச்சான் சேறும் சிரிப்புமாக வந்தான். பின்னால் நாலு பேர் தார்ப்பாய் விரித்து ஒரு பெரிய குவியலை இழுத்து வந்தார்கள்.

"மாமா, இதப் பாருங்க. மூலைல ஒண்ணு மெதந்துகிட்டு கெடந்துச்சு. அழுகி நாறுது. எவனும் தொடல. நாந்தான் கொக்கி போட்டு இழுத்தேன்."

நாற்றம் முதலில் வந்தது. பிறகு பார்த்தேன். ஆகாயத்தாமரைக்கு அடியில் கறுத்த பாசி. அதில் ஒட்டிக்கொண்டு முட்டை ஓடு. ஒன்று உடையாமல் இருந்தது, பாசியின் சாயம் ஏறிய அழுக்கு வெள்ளை. இன்னொன்று உடைந்து, உள்ளே இருந்தது வெளியே கிடந்தது. அதற்குக் கால் இருந்தது. ஒருவன் செருப்புக் காலோடு குவியல் மேல் ஏறி நின்று டீ கேட்டான். கொடுத்தேன்.

குவியலின் ஓரத்தில் சிவப்புத் துணியும் கிடந்தது.

சாரைப் போய்க் கூட்டி வந்தேன். அவர் குனிந்து பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது, முகம் ஒரு நொடி மாறியது. பாசியைக் காலால் தள்ளி அந்த முட்டையை மூடினார். அலகால் மூடுகிற அதே வேலையை ஷூவால் செய்தார்.

"விடுங்கண்ணே. இப்ப சொன்னா புள்ளைங்க மனசு உட்டுப்போயிரும். அவுங்க ஆசையா வந்திருக்காங்க."

"ஒண்ணு உடையல சார்."

"பொரிக்காதுண்ணே. நமக்குள்ளயே இருக்கட்டும்."

ஏரிக்குள்ளிருந்து கனைக்கிற மாதிரி ஒரு குரல் நடுங்கி நடுங்கி வந்துகொண்டே இருந்தது. பல் டாக்டர், "கேக்குதா, முக்குளிப்பான்" என்று வந்தவர்களுக்குப் பாடம் எடுத்தார். ஒருவன் அதைப் போனில் பதிந்துகொண்டான்.

பிறகு குவியலை முன்னால் வைத்து எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். மச்சான் என் தோளில் கைபோட்டு இழுத்து நிறுத்தினான். ஓரத்தில் நழுவப் பார்த்தேன், விடவில்லை. எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கினார்கள். அந்தப் படத்தில் நானும் இருக்கிறேன்.

சாப்பாடு பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த பிரியாணி. தலைக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா. கையை ஏரியிலேயே கழுவினார்கள், எண்ணெய் மிதந்தது. வெங்காயப் பச்சடி கவர்கள் காற்றில் பறந்து கோரையில் மாட்டின. இன்றைக்குக் களைப்பு, அதை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு டீச்சர் சொன்னார். என் டப்பாவைத் திறக்காமல் மச்சானிடம் கொடுத்தேன். "சுகரா மாமா, ஒரு நாள் சாப்புட்டா ஒண்ணும் ஆவாது" என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் சாப்பிடுவதைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து இரண்டு தடவை குளித்தேன். பொழுது சாய்ந்த நேரம் போனில், இரண்டு ஊர்க்காரர்களும் இருந்த வாட்ஸப் குழுவுக்குள் படங்கள் வர ஆரம்பித்தன. குவியல், பேனர், கட்டைவிரல்கள். கடைசியாக சார் ஒரு படம் போட்டார். என் கூடு. முக்குளிப்பான் அதில் உட்கார்ந்திருக்கிறது, வெயில் முதுகில் பட்டு மின்னுகிறது. பத்து நாளைக்கு முன் அவர் எடுத்து வைத்திருந்தது. கீழே எழுதியிருந்தார்: சுத்தம் செய்தோம், பறவைகள் திரும்புகின்றன, நம் ஏரியில் புது விருந்தாளிகள். வரிசையாகக் கைதட்டும் பொம்மைகள் விழுந்தன. சிதம்பரத்துக்காரர்களும் போட்டார்கள்.

மச்சானிடமிருந்து குரல் செய்தி வந்தது. "மாமா, பாத்தீங்களா. நாங்க வந்துட்டுப் போன ராசி, கூடு கட்டிருச்சி."

போய் வாந்தி எடுத்தேன். பிரியாணி சாப்பிடாத வயிறு, வெறும் தண்ணீர்தான் வந்தது. மனைவி பயந்துபோய் என்ன என்று கேட்டாள். அவளிடம்தான் முதலில் சொன்னேன். கேட்டுவிட்டு, "தம்பிகிட்ட சொல்லாதீங்க, தாங்க மாட்டான்" என்றாள். சாரும் அதையேதான் சொல்லியிருந்தார்.

ஆனால் சொல்லாமல் விட்டால் அடுத்த முறையும் அவன் இதே கொக்கியோடு ஏதாவது ஒரு ஏரியில் இறங்குவான், இதே சிரிப்போடு. போன் போட்டேன். கூட்டை எங்கே பார்த்தேன், துணியை யார் கட்டியது, தார்ப்பாயில் என்ன இருந்தது, எல்லாம் சொன்னேன். அவனிடம் நான் அவ்வளவு நேரம் பேசியதே இல்லை.

"அந்தத் துணியையும் நாந்தான் மாமா புடுங்குனேன். குப்பைன்னு நெனச்சி."

"ஆமா மச்சான்."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தப் பக்கமே போயிருக்க மாட்டனே."

"சொல்லக் கூடாதுன்னு வச்சிருந்தோம்."

"யாருகிட்ட சொல்லக் கூடாதுன்னு மாமா?"

போனை வைத்துவிட்டு, குழுவில் சார் போட்டிருந்த படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதினேன். இந்தக் கூட்டை இன்று காலை குப்பை என்று பிடுங்கிவிட்டோம், முட்டை குவியலில் கிடக்கிறது. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினேன். குழுவில் சேர்ந்த நாளிலிருந்து நான் எழுதிய முதல் வரி அதுதான். கைதட்டல்கள் நின்றன. கொஞ்ச நேரத்தில் அந்த வரியை அழித்துவிட்டார்கள். அதற்கப்புறம் குழுவிலிருந்து என்னையும்.

மறுநாள் காலை நான் கரைக்குப் போயிருந்தபோதே டிராக்டர் வந்து குவியலை அள்ளிக்கொண்டு போனது. கடையில் அன்றைக்கு லோடு இறக்கும் நாள், நேரத்துக்குப் போய்விட்டேன்.