பாரிட்டோனுக்குப் புது பிக்கப்

குழந்தை வயிற்றிலேயே இறந்து, நாங்கள் இருவர் மட்டும் கொண்டாப்பூர் வீட்டுக்குத் திரும்பிய வாரம், விடுப்பில் இருந்த நான் என் பாரிட்டோன் எலெக்ட்ரிக் கிடாரைப் பிரித்தேன். சாதாரண கிடாரைவிடத் தாழ்ந்த சுருதியில் ஒலிப்பது. மலிவாக வாங்கியதால், தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் அதன் பிக்கப் சரியில்லை. பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை ஈயம் உருக்கிப் பற்றவைத்தேன். விரல் சுட்டது எனக்கு உறைக்கவே இல்லை.

மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"முடிஞ்சுதுங்களா?" என்றாள். நான்கு நாட்களில் அவள் பேசிய முதல் வார்த்தை.

"முடிஞ்சுது."

"வாசிங்க."

ஒலிபெருக்கியில் இணைத்து, தடித்த தந்தியை மீட்டினேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"நல்லாருக்கா?"

"தெரியலீங்க. இன்னொருக்கா வாசிங்க."

மீட்டினேன். மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். இருவரும் அழவில்லை. பசிக்கிறதா என்று கேட்டேன், தலையாட்டினாள். போய்க் குக்கரில் அரிசி வைத்தேன்.