சின்னவள் என்று ஒருத்தி

பெயர் வைப்பதில் எங்கள் அப்பா படுகஞ்சம். குலதெய்வத்தின் பெயரையே இரண்டு பெண்களுக்கும் வைத்துவிட்டு, அக்காவுக்கு முன்னால் 'பெரிய', எனக்கு முன்னால் 'சின்ன' என்று ஒட்டவைத்தார். அம்மாவுக்கு அதுகூட நீளம். தவிர, சாமி பெயரைச் சொல்லித் திட்டினால் பாவமாயிற்றே. அதனால் சாமியை விட்டுவிட்டு, பெரியவளே, சின்னவளே என்பதோடு நிறுத்திக்கொண்டாள். ஓசூரில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் பக்கத்துக் கன்னடக்காரம்மா எங்களைத் தொட்டம்மா, சிக்கம்மா என்பார். வீட்டுக்காரத் தெலுங்கம்மா பெத்தம்மி, சின்னம்மி என்பார். யார் எந்தப் பாஷையில் எவளைக் கூப்பிட்டாலும் இரண்டு பேரும் சேர்ந்தேதான் போய் நிற்போம்.

எனக்கு அந்தப் பெயரில் ஆத்திரம். அவள் போட்ட பாவாடை எனக்கு, அவள் படித்த புத்தகம் எனக்கு, பெயரும் அவளுடைய மிச்சம்தானா என்று சண்டை போடுவேன். "நீ பெரியவளா இருந்து பாருடி, அப்பத் தெரியும்" என்பாள் அக்கா. தண்ணீர் பிடிப்பது, விருந்தாளிகளுக்குக் காப்பி கொடுப்பது, எனக்கும் சேர்த்து அடி வாங்குவது எல்லாம் அவள் பங்கு.

அக்காவுக்கு வலிப்பு இருந்தது. மாத்திரையும் கொடுத்தார்கள், மந்திரித்த கயிறும் கட்டினார்கள். ராயக்கோட்டைப் பக்கம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது, தக்காளித் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியில் துணி அலசப் போனவள் வலிப்பு வந்து உள்ளே விழுந்துவிட்டாள். பக்கத்தில் யாரும் இல்லை. தொட்டியில் இடுப்பளவுத் தண்ணீர்கூடக் கிடையாது. அதிலேயே போய்விட்டாள்.

அதன் பிறகு அம்மாவால் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. கன்னடக்காரம்மா வழக்கம்போலத் தொட்டம்மா என்று ஆரம்பித்துவிட்டு வாயைப் பொத்திக்கொள்வார். அப்பா, தான் வேலை பார்த்த கம்பெனிக்குப் பக்கத்தில், எங்களைத் தெரியாத தெருவாகப் பார்த்துக் குடிவைத்தார்.

சில வருடம் கழித்து மத்தூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அதற்கு முன் வந்தவர்களெல்லாம் அக்காவின் வலிப்பைக் கேள்விப்பட்டதும், தங்கைக்கும் வராது என்று என்ன நிச்சயம் என்று கைகழுவிவிட்டுப் போயிருந்தார்கள். இந்த முறை அப்பா தீர்மானமாக இருந்தார். காலில் விழாத குறையாகக் கெஞ்சிச் சொந்தக்காரர்களின் வாயைக் கட்டினார். நமக்கு ஒரே பெண் என்று சொல்லப்போகிறேன், தப்பித்தவறிச் சின்னவளே என்று கூப்பிட்டுவிடாதே என்று காலையிலிருந்து அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா தலையாட்டிக்கொண்டே வெங்காயம் நறுக்கினாள்.

வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். நான் உள்ளே காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"பெரியவளே, காப்பி எடுத்துட்டு வா."

சின்னவளே என்று சொல்லக் கூடாது, அவள் மனதில் இருந்தது அவ்வளவுதான். விருந்தாளிக்குக் காப்பி என்றதும் பழக்கத்தில் அந்தப் பெயர் வந்துவிட்டது. பைத்தியக்காரி நான், அக்கா எழுந்து வருவாள் என்றே ஒரு கணம் நினைத்தேன். பிறகு, வரேம்மா என்று நானே தட்டைத் தூக்கிக்கொண்டு போனேன்.

மாப்பிள்ளையின் அம்மா கெட்டிக்காரி. தம்ளரை எடுத்துக்கொண்டே கேட்டார். "பெரியவன்னா, சின்னவ எங்க?"

"சின்னவன்னு யாரும் இல்லிங்க," என்றார் அப்பா. "இவ ஒருத்திதான். செல்லமா அப்பிடிக் கூப்பிடறது."

கல்யாணம் நடந்தது. முதல் குழந்தை பிறந்த பிறகு என் வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். நல்ல மனிதர், அதைத் தன்னோடு வைத்துக்கொண்டார். மாமியாருக்குத் தெரியாது. அதனால் அம்மா, அவர்கள் பெண் பார்க்க வந்த நாளிலிருந்து என்னைப் பெரியவளே என்றுதான் கூப்பிட்டாள். தனியாக இருக்கும்போதாவது பழையபடி கூப்பிடேன் என்று ஒருமுறை அழுதேவிட்டேன். ஆளுக்குத் தகுந்த மாதிரி மாற்றிக் கூப்பிடத் தனக்கு வராது, எங்கேயாவது வாய் தவறினால் உன் வாழ்க்கையல்லவா போகும் என்றாள். பிடிக்கவில்லை என்று நான் சண்டை போட்ட பெயர்தான். அது போன பிறகு எனக்கு அதன்மேல் அப்படி ஒரு ஏக்கம்.

அப்பா காலமான பிறகு அம்மா என்னோடு மத்தூரில் இருந்தாள். கடைசியில் அவளுக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. ஒருநாள் நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"பெரியவளே, சின்னவ வந்துட்டாளா? அவளப் பாத்து ரொம்ப நாளாச்சு."

மாமியாரின் கை நின்றது. கேட்டால் கேட்கட்டும், இனி யாருக்குப் பயப்பட வேண்டும் என்று தோன்றியது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "நான்தாம்மா சின்னவ. இங்கதான் இருக்கேன்."

அம்மா கையை மெல்ல உருவிக்கொண்டாள். "நீ பெரியவடி," என்றாள். "சின்னவ எங்க?"

இன்னும் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். அவள் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தாள். நான் அவள் வாயைத் துடைத்துவிட்டேன்.

"பஸ் ஏறிட்டாம்மா," என்றேன். "வந்துட்டே இருக்கா."