ஆர்லன் விட்டுப்போன பெட்டி

மார்விஸுக்கு ஆர்லன் மேல் ஆசை என்பது அவள் சிநேகிதி லவோனுக்குத் தெரியும், தேவாலயத்தில் காபி ஊற்றும் பெண்களுக்கும் தெரியும். ஆர்லனுக்குத் தெரியுமா என்பதுதான் யாருக்கும் தெரியாது. அறுபதைத் தாண்டிய மார்விஸ் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிக்கொண்டு, வடக்கு மினசோட்டாவில் அப்பாவின் வீட்டிலேயே இருந்துவிட்டாள். எதிர்வீட்டு ஆர்லன் மனைவியை இழந்தவர், தேனீப் பைத்தியம். அவளுக்கும் அந்தப் பைத்தியம் பிடிக்க வைத்தவர் அவர்தான்.

அவருக்குக் கண்பார்வை மங்கியது. வண்டியை வேலியில் கொண்டுபோய் மோதியதும் மகன் வந்து அரிசோனாவுக்கு அழைத்துப் போய்விட்டான். தேனீப் பெட்டிகளையெல்லாம் விற்றவர், ஒன்றை மட்டும் அவள் கொட்டகைக்குப் பின்னால், அவள் பெட்டியை ஒட்டி வைத்தார்.

"இதை நீங்க பாத்துக்கோங்க, மார்விஸ்" என்றார். பிறகு காரில் ஏறிவிட்டார்.

அந்தப் பெட்டியிலிருந்த தேனீக் கூட்டம் தேவாலயத்து ஆப்பிள் மரத்தில் இருவரும் சேர்ந்து பிடித்தது. அவர் ஏணியில் நின்று கிளையை உலுக்க, அவள் கீழே பெட்டியை ஏந்தி நின்றாள். நாலைந்து தேனீக்கள் அவள் சட்டைக் கைக்குள் புகுந்துவிட்டன. ஆர்லன் இறங்கி வந்து கைமடிப்பைப் பிரித்து, ஒவ்வொன்றாக ஊதி ஊதி வெளியே அனுப்பினார். மணிக்கட்டில் பட்ட அந்த மூச்சை அவள் இன்னும் மறக்கவில்லை.

இலைகள் மஞ்சளாகும் நேரம் வந்தது. அவளுடைய பெட்டி நிரம்பி வழிந்தது. ஆர்லனின் பெட்டியிலோ ராணி முட்டையிடுவது குறைந்து, ஒரு கையளவு தேனீக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. தினமும் சாயங்காலம் சர்க்கரைப் பாகு ஊற்றிவிட்டு, மூடிமேல் கையை வைத்துக்கொண்டு நிற்பாள்.

"ஏண்டி, தேனீயைக் காப்பாத்துறியா, ஆர்லனைக் காப்பாத்துறியா?" என்றாள் லவோன். "இதுங்க பனியில தாங்காதுன்னு எனக்கே தெரியுது."

"வாயை மூடிட்டு அந்தப் பாகை எடு."

கடைசியில் வழக்கமான ஞாயிற்றுக்கிழமை போனில் அவரிடமே கேட்டாள்.

"உங்க கூட்டத்தோட சேத்துடுங்க" என்றார் ஆர்லன் உடனே. "முதல்ல நோய் இருக்கான்னு நல்லா பாருங்க. ரெண்டு பக்கமும் சுத்தமா இருந்தாத்தான் சேக்கணும். நோஞ்சான் கூட்டத்தைக் கொண்டுபோய்க் கொட்டினா நம்ம பெரிய கூட்டமும் படுத்துடும்."

"பாத்துட்டேன். பூச்சி இல்ல, புழு அழுகல. ராணிக்குத்தான் வயசாயிடுச்சு."

"அப்ப அதை எடுத்துடுங்க. உங்க பெட்டிமேல ஒரு தாள் செய்தித்தாள் விரிச்சு, நாலு கீறல் போட்டு, அதுமேல என் பெட்டியை வைங்க. நேரா சேத்தீங்கன்னா வாசனை ஒத்துக்காம கடிச்சுக் கொன்னுக்கும். தாளைக் கடிச்சுக்கிட்டே மெதுவா பழகிக்கும்."

"எடுத்துடுங்கன்னா..."

"ஒரு வீட்டுல ரெண்டு ராணி இருக்காது, மார்விஸ்."

ஆப்பிள் மரத்து ராணி அது என்று அவள் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

மறுநாள் வெயில் இருக்கும்போதே பெட்டியைத் திறந்தாள். ராணி தேனடைச் சட்டத்தின் ஓரத்தில் அவசரமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. கையுறையைக் கழற்றி, வெறும் விரலால் எடுத்து நசுக்கினாள். பிறகு புல்லில் உட்கார்ந்துவிட்டாள். லவோன் அன்றைக்கு மட்டும் கேலி பேசவில்லை. பொழுது சாய்ந்து எல்லாம் கூடு திரும்பியதும், இருவருமாக உள்ளூர்ச் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் ஆர்லனின் பெட்டியைத் தூக்கி வைத்தார்கள்.

அந்த வாரம் முழுக்க அவள் பெட்டியைத் திறக்கவே இல்லை. ஒருநாள் காலை பெட்டி வாசலுக்கு முன்னால் புல்லில் காகிதத் துணுக்குகள் மாவு போல உதிர்ந்து கிடந்தன. செத்த தேனீ ஒன்றிரண்டுக்கு மேல் இல்லை. உடனே போன் செய்தாள்.

"சண்டை போட்டுச்சா?"

"இல்ல. ஒண்ணாயிடுச்சு."

"இங்க ஜன்னலைத் திறந்தா எல்லாம் கல்லும் கள்ளியும்தான்" என்றார் ஆர்லன். "பனி எப்ப விழும் அங்க?"

"இந்த வாரம் விழும்னு சொல்றாங்க" என்றாள். சொல்ல நினைத்தது அதுவல்ல.

குளிர்காலம் கடுமையாக இருந்தும் கூட்டம் பிழைத்தது. மே மாதம் பெட்டி கொள்ளாமல் பெருகியபோது அவள் அதை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை ஆர்லனின் பழைய பெட்டியில் குடிவைத்தாள். முடித்து நிமிர்ந்தபோதுதான் உறைத்தது. ஒரு தேனீயின் ஆயுசு எவ்வளவு? சில மாதங்கள்தான். அவர் தேனீக்களில் ஒன்றுகூட இப்போது உயிரோடு இல்லை. பறப்பதெல்லாம் அவளுடைய ராணியின் பிள்ளைகள்.

அன்று ஞாயிறு இல்லை. இருந்தாலும் கூப்பிட்டாள்.

"என்ன ஆச்சு, மார்விஸ்? பெட்டி விழுந்துடுச்சா?"

"பெட்டியெல்லாம் நல்லா இருக்கு. எனக்கு உங்களைப் பாக்கணும் போல இருக்கு. அதான்."

மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் நின்றது.

"எனக்கும்தான்" என்றார் ஆர்லன். "எப்பவோ சொல்லியிருக்கணும். இப்பப் பாக்குறதுக்குக் கண்ணும் இல்ல."

"குரல் இருக்குல்ல."

அந்தக் கோடையிலும் மகன் அவரை அனுப்பவில்லை. டாக்டர் பயணம் கூடாது என்றார். மார்விஸுக்கும் பெட்டிகளை விட்டுப் போக வழியில்லை. ஆனால் அதற்குப் பிறகு போன் ஞாயிறோடு நிற்கவில்லை. சாயங்காலம் போனைக் கையில் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போவாள். அதைப் பெட்டிமேல் வைப்பாள். உள்ளே இருந்து வரும் இரைச்சலை இருவரும் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.