சேவியர் எடுத்துவைத்த கம்பி

துறைமுகக் கந்தோரில் கப்பல் பட்டியல் ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது பியோன் வந்து மேசையருகே நின்றான். "பட்டறைச் சேவியர் போயிட்டாராம் சேர். நெருப்புக் காய்ச்சலாம்" என்றான். மூன்று கிழமை படுக்கையில் கிடந்திருக்கிறார். அவருடைய நெருங்கிய சிநேகிதன் என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது தெரியாது. ஒரு வருடமாக நான் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை.

உங்களில் பலர் அவரைக் கப்பல் திருத்தும் பட்டறையின் லேத்தில் இரும்பு கடைகிறவராக அறிந்திருப்பீர்கள். ஞாயிறு பூசையில் கடைசி வாங்குப் பலகையில் இருக்கிறவராக அறிந்திருப்பீர்கள். நான் அவரைத் தண்ணீருக்குள் அறிந்தவன். உலக யுத்தம் முடிந்த கையோடு வெள்ளைக்காரக் கடற்படைக்காரர் சிலர் நீருக்குள் பார்க்கும் கண்ணாடி மாட்டிக்கொண்டு வெள்ளவத்தைக் கடலில் மீன் குத்தினார்கள். அதை வேடிக்கை பார்த்து நின்ற இடத்தில்தான் எங்கள் பழக்கம். அடுத்த மாதமே சேவியர் தேக்கங்கட்டையிலும் டியூப் ரப்பரிலும் இரண்டு ஈட்டித் துப்பாக்கிகள் செய்துவிட்டார். ஒன்றை என் கையில் தந்தார். ஏன் எனக்கு என்று கேட்டேன். "தனியக் கடலுக்கை இறங்கக் கூடாது ஐசே. ஆள் ஒண்டு வேணும்" என்றார்.

துப்பாக்கி செய்வது அவருக்கு ஒரு வேலையே அல்ல. அதற்குள் போகும் ஈட்டிக் கம்பியைத் தெரிந்தெடுப்பதுதான் வேலை. பட்டறையில் கழித்துப்போட்ட உருக்குக் கம்பிகளைத் துரையிடம் கேட்டு வாங்கி, பேப்பரில் சுற்றிக்கொண்டு கொச்சிக்கடை நானாவின் தேத்தண்ணிக் கடைக்கு வருவார். அங்கே சலவைக்கல் மேசை ஒன்று இருந்தது. அதன்மேல் ஒவ்வொரு கம்பியாக உருட்டுவார். நேரானது சத்தமில்லாமல் ஓடும், கோணலானது துள்ளும். "இது தேத்தண்ணி குடிக்கிற மேசையா, உங்கட பட்டறையா?" என்று நானா ஒவ்வொரு முறையும் கேட்பார், ஒவ்வொரு முறையும் கோப்பைகளை அவரே எடுத்து வழிவிடுவார். தேறிய கம்பியை நூலில் தொங்கவிட்டு, கரண்டியால் தட்டிக் காதுகொடுப்பார் சேவியர். நல்ல கம்பி நீண்டு ஒலிக்குமாம். உள்ளே வெடிப்பிருந்தால் சட்டென்று அடங்குமாம். எனக்கு எல்லாம் ஒரே 'டிங்'தான்.

தடிப்பில்தான் எங்களுக்குள் பிணக்கு. எனக்கு மெல்லிய கம்பி பிடிக்கும்; விட்டதும் பறக்கும். "சின்ன மீனுக்கு வேகம் காணும். பெரிய மீனுக்குப் பாரம் வேணும் ஐசே. மெல்லிசு வளைஞ்சுபோகும்" என்பார் அவர். தடித்த கம்பியைத் தள்ள இரண்டு சோடி ரப்பர் பூட்ட வேண்டும். துப்பாக்கியை நெஞ்சில் முட்டுக்கொடுத்து எவ்வளவு இழுத்தாலும், பேனா பிடித்த என் கைக்கு அது ஏறவில்லை. அதை அவரிடம் சொல்ல வெட்கப்பட்டேன். மெல்லிய கம்பிதான் நல்லது என்று வாதாடிக்கொண்டேயிருந்தேன்.

சோளகக் காற்று அடங்கிக் கடல் தெளிந்த ஒரு காலையில், கல்லுக்கடியில் ஆள் பாரமான கலவா மீன் ஒன்றைக் கண்டோம். மேலே வந்து, "தடிச்சதைப் பூட்டும்" என்றார் சேவியர். தலையாட்டிவிட்டு மெல்லியதையே பூட்டினேன். குறி தப்பவில்லை. ஆனால் மீன் பொந்துக்குள் புகுந்து ஒரு திருகு திருகியது; கம்பி கொக்கியாக வளைந்து கல்லில் மாட்டிக்கொண்டது. கம்பியில் கட்டிய கயிறு என் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. சேவியர் தலைகீழாகப் பாய்ந்து வந்து கயிற்றை அறுத்து என்னை மேலே தள்ளினார். ஆழத்துத் தண்ணீர் காதை அமுக்காமல், மூக்கைப் பொத்தி ஊதிக் காதைத் திறக்க அவருக்கு நேரமிருக்கவில்லை. கரையில் அவருடைய இரண்டு காதிலும் இரத்தம் வடிந்தது. "மீன் போயிட்டுது ஐசே" என்று சிரித்தார்.

அதன்பின் அவருக்குக் காது கேட்கவில்லை. இரண்டு தரம் பார்க்கப் போனேன். நான் கதைக்கும்போது என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. பிறகு, அவர் வீடிருந்த கொட்டாஞ்சேனையில் டிராமைவிட்டு இறங்கி அடுத்த டிராமிலேயே திரும்பிவிட்ட நாட்கள் உண்டு. கோழைத்தனம்தான், வேறு பெயர் அதற்கு இல்லை. கடலுக்கும் நான் போகவில்லை.

செத்த வீட்டில் அவர் மனைவி திரேசம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அலுமாரிக்குப் பின்னாலிருந்து பேப்பர் சுற்றிய கம்பி ஒன்றை எடுத்துத் தந்தார். தடித்ததுமல்ல, மெல்லியதுமல்ல; இரண்டுக்கும் நடுவே. முனை புதிதாகக் கடைந்திருந்தது.

"உங்கட கைக்கு இந்த அளவுதான் சரியாம் அண்ணே. தடிச்சது உங்களுக்கு ஏறாதெண்டு அவருக்கு முந்தியே தெரியும். வந்தாக் குடு எண்டவர்."

"காது கேக்காமல் எப்பிடிக் கம்பியைத் தெரிஞ்செடுத்தவர்?" என்று கேட்டேன்.

"ஒரு நுனியைப் பல்லால கடிச்சுக்கொண்டு மற்றப் பக்கம் தட்டுவார். எலும்புக்குள்ளால கேக்குதாம். எத்தினை கம்பியைக் கடிச்சுக் கடிச்சு எறிஞ்சவர்!" என்று அழுதார்.

வீட்டுக்கு வந்ததும் கம்பியைத் துப்பாக்கியில் பொருத்தி ரப்பரை இழுத்தேன். என் கைக்கு ஏறியது. பிறகு கம்பியைக் கழற்றி நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு கரண்டியால் தட்டினேன். கம்பியில் பூசியிருந்த எண்ணெய் நாவில் கசந்தது. மண்டைக்குள் அது நீண்டு ஒலித்தது, அடங்க நேரமெடுத்தது. நல்ல கம்பி எப்படி ஒலிக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தக் கம்பியும் அவர் செய்து தந்த துப்பாக்கியும் என்னிடம் இருக்கின்றன. அவருடையதென்று வேறொன்றும் இல்லை. இப்போது கடல் தெளிந்து கிடக்கிறது. இறங்குவதற்கு ஆள் ஒன்று வேணும்.